விற்றுப்போன தையல் மெஷின்

திருப்பூரில் சக்கரபாணி என்று ஒருவர், வீட்டிலிருந்தே லட்சாதிபதி ஆவது எப்படி என்று வீடியோ பாடம் விற்றுவந்தார். அதற்கு ஆள் பிடிக்க, இல்லாத தையல் மெஷினை ஆன்லைன் ஏலத்தில் போடுவார். ஏலம் கேட்டவர்களுக்குப் போன் செய்து, "மெஷின் வித்துப்போச்சு, பாடம் வாங்கிக்கோங்க" என்று சொல்வது மரகதத்தின் வேலை.

அன்று ஒருத்தி போனிலேயே அழுதுவிட்டாள். "எத்தனை தடவைதான் ஏமாத்துவீங்க? நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

மரகதத்துக்குத் தன் வேலை மீதே வெறுப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சக்கரபாணி வந்து கத்தினார்.

"ஞாயித்துக்கிழமை என் கூட்டத்துக்கு மண்டபம் நிறையணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"மெஷின் ஏலத்தை வெச்சே கூப்பிடட்டுமா சார்?"

"எதையாவது போட்டுத் தொலை!"

மரகதம் போட்டாள்: 'ஏலத்தில் ஜெயிப்பவருக்கு ஞாயிறன்று சக்கரபாணியே மேடையில் மெஷின் வழங்குவார். அனைவரும் வருக.' அழுதவளுக்கும் தகவல் சொன்னாள்; ஏலத்தில் ஜெயித்ததும் அவள்தான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சக்கரபாணி பூரித்துப்போய், நேர்மையான வியாபாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அழுத பெண் எழுந்து நின்றாள்.

"என் மெஷின் எங்கே?"

சக்கரபாணி பழக்கதோஷத்தில், "வித்துப்போச்சும்மா" என்றார்.

"ஏலத்துல ஜெயிச்சது நான்! எனக்கு வித்த மெஷினை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"எங்ககிட்டயும் இதையேதான் சொன்னாங்க!" என்று மண்டபமே எழுந்தது. பெண்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். கடையிலிருந்து புது மெஷின் வந்து இறங்கும்வரை சக்கரபாணியால் நகர முடியவில்லை.

மரகதம் ஒரு பக்கம் பிடித்து அதை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"இனிமே பொய் சொல்லணும்னா நீங்களே போன் பண்ணுங்க சார்."