கடைசி வீட்டுத் தண்ணீர்

ஏரிப் பொறியாளர் தணிகாசலம் எத்திராஜைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நெடுங்கரை ஏரியின் கரை மேல், ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது. மழை மூன்று நாளாக விடவில்லை. எத்திராஜ் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கையில் பித்தளைச் சொம்பு.

"ஐயா, ஒரு அரை மணி கொடுங்க. கடைமடைக்குப் போய் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துடறேன்."

"ஊரே தண்ணியில மிதக்குது. உனக்குத் தாகமாய்யா?"

எத்திராஜ் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. அவர் ஏரியின் நீர்க்கட்டி, மதகைத் திறந்து மூடும் ஊர்க் காவலர். அவர் அப்பாவும் நீர்க்கட்டி. மதகைத் திறக்கும் முன் நீர்க்கட்டி கீழே இறங்கி, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊருக்குள் நடந்து, கடைசி வீட்டு வாசலில் நின்று, "மடை திறக்கப் போறோம், தண்ணி குடுங்க" என்று கேட்க வேண்டும். அந்த வீட்டார் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துதான் மதகில் கை வைக்க வேண்டும். அது முறை. ஷட்டருக்கு மோட்டார் வைத்து, அறைக்குள் பொத்தான் வந்த பிறகும் எத்திராஜ் அந்த முறையை விடவில்லை. மேலதிகாரிகள் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள்.

சரிவில் பாதி இறங்கியவர் திரும்பி நின்று ஏதோ சொன்னார். பிறகு சொம்பைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று தணிகாசலம் எழுதிக் கொடுத்தார்.

நாலு மணிக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கரை உடைந்தால் கிழக்கே நாற்பதாயிரம் பேர். திறந்தால் வழியில் கடைமடை, பத்தொன்பது வீடு. செல்போன் கோபுரம் மதியமே செத்துவிட்டது. தணிகாசலம் கரை மேல் இருந்த அபாயச் சங்கை ஊதவிட்டார். ஐந்து நிமிடம் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

கரை நின்றது. நாற்பதாயிரம் பேரும் பிழைத்தார்கள். கடைமடையில் பதினெட்டு வீட்டார் மேட்டுக்கு ஏறியிருந்தார்கள். எத்திராஜ் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பத்தொன்பதாவது வீட்டில் ஜெகதா என்ற பெண்ணும் அவள் குடும்பத்தில் நாலு பேரும். அவர்களோடு எத்திராஜும். ஆறு உடலும் கிடைத்தன. சொம்பு கிடைக்கவில்லை.

இது நடந்து இரண்டு ஆண்டு ஆனது.

* * *

ஏரிக்குக் கிழக்கே மூடிப்போன அரிசி ஆலை ஒன்று உண்டு. அதில் பூரணி அம்மை இருந்தார். சட்டக் கல்லூரியில் நீதி என்றால் என்ன என்று பாடம் எடுத்தவர். ஒரு நாள் பாதி வகுப்பில் சாக்கட்டியை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தவர். வயது நாற்பத்திரண்டு. அப்பாவுக்கு மூச்சுக் குழாயைக் கழற்றலாமா, தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லலாமா என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். அவர் பதில் சொல்வது அபூர்வம். ஏதாவது வேலை சொல்லி அனுப்புவார்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு. இரண்டு ஆண்டாக வாராவாரம் வருவார், தூரத்தில் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். அந்தப் புதன்கிழமைதான் முதல் தடவையாக வாய் திறந்தார். கையில் ஒரு கோப்பு.

"அம்மா, திங்கட்கிழமை இதுல நான் கையெழுத்துப் போடணும்."

"என்னது அது?"

"இனிமே ஷட்டரை மனுசன் திறக்க வேண்டாம். மழை, நீர்மட்டம், எந்தப் பக்கம் எத்தனை பேர், எல்லாத்தையும் மிஷினே பார்த்துக்கும். எங்க திறந்தா உயிர்ச்சேதம் கம்மியோ, அங்க அதுவே திறந்துடும். ஏழு ஏரிக்கு. யார் கையும் நடுங்க வேண்டியதில்ல. யாரும் தூக்கம் கெட வேண்டியதில்ல."

கடைசிப் பக்கத்தில் ஏழு ஊர்களின் பெயர் இருந்தது. மேலே தலைப்பு: ஏற்கத்தக்க இழப்பு.

அம்மை அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"உங்க கேள்வி என்ன?"

"ஆறு பேரை விட்டு நாற்பதாயிரம் பேரைக் காப்பாத்தினது சரியா? அது சரின்னா இதுவும் சரி. நான் போட்டுடுவேன்."

வாசல் பக்கம் ஞானப்பிரகாசம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவரும் சீடர்தான், ஆனால் வாய் ஓயாத சீடர்.

"நாற்பதாயிரம் பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். டபுள் விசில் கொடுத்துப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதானே சார். இதுக்கு ரெண்டு வருசமா ஸ்டாப்பிங்ல நிக்கறீங்க?"

அம்மை எழுந்து உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து தணிகாசலத்தின் முன் வைத்தார்.

"கடைமடைக்குப் போங்க. கடைசி வீட்டுல தண்ணி வாங்கிட்டு வாங்க."

"அங்க யாரும் இல்லம்மா. மிச்சம் இருந்தவங்களை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. வீடுகூட இல்ல."

"கேக்கற முறை தெரியுமில்ல?"

* * *

அவர் போனார். வெயில் காய்ந்தது. கோடை தொடங்கி இரண்டு மாதம். வாய்க்காலில் வெடித்த சேறு ஓடு ஓடாகக் கிடந்தது. பதினெட்டு மண்மேடுகளைத் தாண்டினார். கடைசியில் ஒரு கல் நிலைப்படியும் அதன் மேல் மரச்சட்டமும் மட்டும் நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை. சட்டத்தில் யாரோ எப்போதோ பூசிய மஞ்சள் இன்னும் போகவில்லை.

கேட்க வெட்கமாக இருந்தது. சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"மடை திறக்கப் போறோம். தண்ணி குடுங்க."

காக்கைகூட இல்லை. வெறும் சொம்போடு திரும்பினார்.

"யாரும் இல்லை" என்றார்.

"நாளைக்குப் போங்க" என்றார் அம்மை.

வியாழக்கிழமை அவர் கொஞ்சம் உரக்கவே கேட்டார். பதில் இல்லை. திரும்பும்போது நிலைப்படியைப் பார்த்தார். கல்லின் மேல் ஈரமாக ஒரு வட்டம். சொம்பை வைத்து எடுத்தால் விழும் அளவு வட்டம். தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அதைக் குடித்தது.

அதைப் பற்றி அவர் ஆலையில் ஒன்றும் சொல்லவில்லை.

"முகம் வெளுத்திருக்கே சார்" என்றார் ஞானப்பிரகாசம். "யாராவது சில்லறை கேட்டாங்களா?"

"நாளைக்கும் போங்க" என்றார் அம்மை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் தணிகாசலம். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

அம்மை அவரையே பார்த்தார். "அதனால என்ன?"

தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

* * *

வெள்ளிக்கிழமை அவர் கடைமடையை அடைந்தபோது மணி நாலு ஆகப்போனது. காற்று நின்றிருந்தது. தூரத்தில் ஏரிக்கரை மேல் சங்கு இருந்த கம்பம் மொட்டையாகத் தெரிந்தது. வெள்ளத்துக்கு அடுத்த மாதமே சங்கைக் கழற்றிவிட்டார்கள். கழற்றச் சொல்லி எழுதியவர் அவர்தான்.

நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"மடை திறக்கப் போறோம்" என்று தொடங்கினார். மேலே சொல்ல முடியவில்லை. விறகுப் புகை வாசனை வந்தது. எங்கோ பக்கத்தில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் சிறு சத்தம் கேட்டது. திரும்பினார். மண்மேடு. அதற்கப்பால் மண்மேடு.

மறுபடி நிலைப்படிப் பக்கம் திரும்பியபோது அதன் மேல் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது.

களிம்பு ஏறிய சொம்பு. விளிம்பில் ஒரு நசுங்கல். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அதைப் படிக்க அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. கழுத்து வரை தண்ணீர். அவர் நிழல் அதில் விழுந்து ஆடியது. அவர் ஆடாமல்தான் நின்றிருந்தார்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு யாரும் தண்ணீர் எடுத்து வைத்ததில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தன்னுடைய சொம்பை எங்கே விட்டோம் என்று பிறகு அவருக்கு ஞாபகமே வரவில்லை.

* * *

ஞானப்பிரகாசம் சொம்பைப் பார்த்தார். பெயரைப் படித்தார். கீரைத் தட்டோடு எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

"யார் கொடுத்தாங்க?" என்று அம்மை கேட்டார்.

"அங்க யாரும் இல்லம்மா."

"தண்ணி இருக்கே."

தணிகாசலம் சொம்பைக் கீழே வைக்கவில்லை. கை வலித்தது.

"புதன்கிழமை ஒரு கேள்வி கேட்டீங்க" என்றார் அம்மை. "நீங்களே சொல்லுங்க. திறந்தது சரியா?"

"சரிதான்மா. ஆறு பேர். நாற்பதாயிரம் பேர். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் சரியாத்தான் வருது."

"சரி. குடிங்க."

அவர் சொம்பை உதடு வரை கொண்டுபோனார். புகை வாசனை. அதற்கடியில் தேயிலை வாசனை. கை நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது.

"முடியல."

ஆலைக் கூரையில் தகரம் வெயில் தணிந்து சடசடத்தது.

"எத்திராஜ் சொன்னது எனக்குக் காதில விழுந்துச்சு" என்றார் தணிகாசலம்.

"என்ன சொன்னார்?"

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு சங்கு வேலை செய்யுதான்னு ஊதிப் பார்க்கணும்னு நான்தான் உத்தரவு போட்டேன். மூணு வருசம் தவறாம ஊதினோம். கடைமடையில அதுக்கு டீ சங்குன்னு பேர். ஊதினா பொம்பளைங்க டீக்குத் தண்ணி வைப்பாங்க." அவர் மூச்சு வாங்கினார். "அவன் திரும்பி நின்னு, 'ஐயா, இன்னைக்கு வெள்ளி. சங்கு ஊதினா யாரும் ஓட மாட்டாங்க, அடுப்பு பத்த வைப்பாங்க. நான் வர்ற வரைக்கும் திறக்காதீங்க'ன்னான். தெளிவா விழுந்துச்சு. நான் தலையை ஆட்டினேன்."

ஞானப்பிரகாசம் கீரைத் தண்டை ஒடிப்பதை நிறுத்தினார்.

"சங்கு ஊதும்போது அவன் கேட்ட அரை மணியில இன்னும் பத்து நிமிசம் இருந்தது. கரை தாங்கியிருக்குமோ என்னமோ. தாங்காமலும் போயிருக்கும். தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. ஆனா அந்த அஞ்சு நிமிசம் நான் ஏரியை மட்டும்தான் பார்த்தேன். கடைமடைப் பக்கம் ஜன்னல் இருந்துச்சு. அந்தப் பக்கம் திரும்பல."

"ஏன்?"

"திரும்பினா அழுத்த முடியாதுன்னு தெரியும்."

அம்மை கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தார்.

"இந்த ஏழு ஊர்ல எந்த ஊர்ல தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்க?"

அவர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"ஒண்ணுலயும் இல்ல."

"இந்த மிஷின் போய்க் கேக்குமா?"

"மிஷினுக்கு எதுக்கும்மா தண்ணி?"

சொம்பு அவர் கையில் இருந்தது. வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் கெஞ்சுவதைப் போலக் கேட்டார். "நான் கையெழுத்துப் போடல. விசாரணையில எழுதிக் கொடுத்ததையும் போய் மாத்திக் கொடுக்கறேன். வேலை போனாலும் போகட்டும். ஆனா திறந்தது சரியா, தப்பா? ஒரே ஒரு சொல். அதை மட்டும் நீங்க சொல்லிடுங்க."

அம்மை சொம்பைப் பார்த்தார்.

"தண்ணி என் வீட்டுது இல்லையே. குடுத்தவங்ககிட்டதான் கேக்கணும்."

* * *

தணிகாசலம் சொன்னபடி செய்தார். கோப்பில் அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டார். நெடுங்கரை ஏரியின் ஷட்டர்கள் இப்போது தாமாகவே திறக்கின்றன.

கடைமடையில் ஒரு நிலைப்படி நிற்கிறது. அதன் மேல், தணிகாசலம் குடிக்காமல் திரும்பக் கொண்டுபோய் வைத்த பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறது. வந்து கேட்பவர்தான் இல்லை.