பதினொரு கோயில் பொங்கலும் வைத்தியர் வாயும்

மருதங்குடி அரண்மனையில் எறும்புகளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் மகாராஜா கீர்த்திவாகனரின் உடம்பைத் தினமும் பரிசோதித்தவை அவைதான். ராஜாவுக்கு நீரிழிவு. காலையில் அவருடைய சிறுநீர்க் கலயத்தைத் தோட்டத்து ஓரமாக வைப்பார்கள். எறும்பு மொய்த்தால் சர்க்கரை இறங்கவில்லை என்று அர்த்தம். மூன்று வருஷமாக எறும்புகள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. அரண்மனை வைத்தியர் மாசிலாமணியாரைச் சபைக்குக் கூப்பிட்டு ஒரு மண்டலம் கெடு கொடுத்தார். நாற்பத்தெட்டாம் நாள் காலையிலும் எறும்பு மொய்த்தால் வைத்தியர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். வைத்தியருக்கு வயது அறுபத்தேழு. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. எல்லைக்கு நான்கு நாள் பயணம்.

அரண்மனைச் சமையலறையில் கேழ்வரகுக் களியும் கீரையும் தவிர வேறெதுவும் ராஜாவுக்குச் சமைக்கக் கூடாது என்றார் வைத்தியர். சமைக்கவில்லை. ஆவாரம்பூக் கஷாயம் வேளாவேளைக்குப் போனது. ராஜா பாதி நாள் குடித்தார், பாதி நாள் மறந்தார். படுக்கையிலிருந்து சபைக்கு நாற்பது அடி. அதற்கும் பல்லக்குதான். எறும்பு வந்துவிடுமோ என்ற கவலையில் தூக்கம் கெட்டது, தூக்கம் கெட்டதால் சர்க்கரை இன்னும் ஏறியது. எறும்புகள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன.

இருபது நாள் ஓடிய பிறகு வைத்தியர் தன் நண்பர் குழைக்காதர் வீட்டுக்கு வந்தார். குழைக்காதர் சபையில் விகடம் பேசுகிறவர். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவர் உத்தியோகம். அன்று அவரே சிரிக்கவில்லை. சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்.

வைத்தியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "காரணம் தெரியும் ஓய். சொல்லத்தான் முடியாது."

விஷயம் இதுதான். அந்த ஊரில் பதினொரு கோயில். பதினொன்றிலிருந்தும் காலையில் ராஜாவின் பங்கு அரண்மனைக்கு வந்துவிடும். சர்க்கரைப் பொங்கல், அக்காரவடிசல், அப்பம், பஞ்சாமிர்தம். மிச்சம் வைத்தால் தெய்வக் குற்றம் என்று ராஜா பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுவார். அதற்குப் பிறகுதான் பத்தியக் களி. பொங்கலைப் பத்தியத்தில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அது சாப்பாடு இல்லை, பிரசாதம். பிரசாதத்தால் உடம்புக்குக் கெடுதல் என்று எவன் சொன்னாலும் அவன் தலையை வாங்க வேண்டும் என்பது ராஜாவின் கொள்ளுத்தாத்தா எழுதி வைத்த சட்டம். சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும். அந்த மனுஷரை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

மறுநாள் சபையில் குழைக்காதர் எழுந்தார். கோயில் மரியாதையில் ஒரு குறை நடக்கிறது என்றார். மற்ற எந்தக் குறையையும் ராஜா கேட்டுக்கொள்வார். பக்தியில் குறை என்றால் தாங்க மாட்டார். என்ன குறை என்று அதட்டினார்.

"மகாராஜா, மனு கொடுக்கிறவன் அரண்மனைக்கு வருகிறான். சிற்றரசரும் வருகிறார். சிறியவர் பெரியவரைத் தேடி வருவது நம் சபை வழக்கம். பதினொரு தெய்வங்களும் தினமும் தூக்குப் பாத்திரத்தோடு நம் வாசலுக்கு வருகின்றன. இதில் யார் சிறியவர் என்று எனக்குப் புரியவில்லை."

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அப்படியானால் முறை என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊர் ஜனங்கள் செய்வதுதான், மகாராஜா. பல்லக்கு இல்லாமல் நடந்து போய், வரிசையில் நின்று, உள்ளங்கையில் வாங்குவது."

மறுநாளே ராஜா நடந்தார். முதல் நாள் மூன்றாம் கோயிலில் மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரத்தில் ஆறு கோயில். பத்தாம் நாள் பதினொன்றும். இதற்குள் ராஜா வரிசையில் நிற்கிறார் என்ற செய்தி பரவி, பார்ப்பதற்கு ஊரே திரண்டது. கூட்டம் பெருகியது, பொங்கல் பானை பெருகவில்லை. அர்ச்சகர்கள் ஆளுக்கு ஒரு கிள்ளு வைத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை கை நீட்ட ராஜாவுக்கு வெட்கம். கடைசிக் கோயில் வாசலில் வைத்தியர் கஷாயத்தோடு நின்றார். வரிசையாக எல்லாவற்றையும் வாங்கி வாயில் போட்டுப் பழகிய ராஜா அதையும் தீர்த்தம்போலக் குடித்துவிட்டு வந்தார். நடந்த அசதியில் இரவு படுத்ததும் தூங்கினார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. சபை முழுவதும் தோட்டத்தில் கூடி ஒரு கலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வைத்தியரின் மனைவி மூட்டை முடிச்சோடு தோட்டத்து வாசலில் நின்ற மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். எறும்புகள் சாரையாக வந்தன. கலயத்தை ஒரு சுற்று சுற்றின. பிறகு நேரே வண்டிக்குப் போய், வழிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெல்ல மூட்டையில் ஏறின. வைத்தியர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ராஜா மந்தமானவர் இல்லை. கலயத்தையும் வெல்ல மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொங்கல்தானா, வைத்தியரே? ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"தலை போகும், மகாராஜா."

"குழைக்காதர் சொன்னாரே?"

"நானா?" என்றார் குழைக்காதர். "நான் மரியாதையைப் பற்றித்தான் பேசினேன். பொங்கல் என்ற சொல்லையே என் வாயால் இன்னும் சொல்லவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். கொள்ளுத்தாத்தாவின் சட்டம் இந்த நிமிஷத்தோடு ரத்து என்றும், இனி வைத்தியர் எதை வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம் என்றும் உத்தரவு போட்டார்.

வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படியானால் மகாராஜா, அந்தப் பஞ்சாமிர்தம் இனி வேண்டாம். அப்பமும் வேண்டாம். அக்காரவடிசலைக் கண்ணால் பார்த்தால் போதும். பொங்கல் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் அரைக் கிள்ளு. மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மாம்பழக் காலம் வேறு வருகிறது, அதைப் பற்றி..."

ராஜா குழைக்காதர் பக்கம் திரும்பினார்.

"கொள்ளுத்தாத்தா அந்தச் சட்டத்தை ஏன் எழுதினார் என்று இப்போதுதான் ஓய் எனக்குப் புரிகிறது."