கஸ்பாரின் குரலுக்கு எந்தப் பெட்டி?

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் பிலோமினா அக்கா. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தொடங்கினார். செருப்பு கிடைத்த பிறகும் கதை முடியவில்லை. கடைசியில் ஒரு கேள்வி வரும், கவனமாகக் கேளுங்கள்.

தூத்துக்குடியில் செரபினா என்று ஒரு விதவை. பிள்ளைகள் மூவரும் கல்யாணம் முடித்து அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். கீழே ஒரு அறையும் அடுப்படியும், மேலே மொட்டை மாடி. மாடியில் மல்லிச்செடி வளர்க்கிறாள். குழாய்த் தண்ணீர் மேலே ஏறாது. ஆகவே தினமும் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவாள். அந்த வயதிலும் அதற்கு மட்டும் மூச்சு வாங்காது.

அவள் புருஷன் கஸ்பார் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்புவார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்கென்று கொஞ்சம் சும்மா இருப்பார். அப்போது கப்பல் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, பதில் காதில் விழுந்ததுபோல, "ம், சரி" என்று மேலே பேசுவார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகியும், ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்ததும் செரபினா கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேசட்டுகளில் ஒன்றைப் போடுவாள். "சாப்பிட்டேன்" என்பாள். சில நாள் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆனாலும் அவரை ஏன் கவலைப்பட வைக்க வேண்டும்?

ஒரு மார்கழியில் ஊருக்குள் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மரப்பெட்டியில் இருந்த கேசட்டெல்லாம் சேறாகிப்போயின. அலமாரி மேல் டேப்ரிக்கார்டருக்குள் கிடந்த ஒன்றுதான் மிஞ்சியது. வீட்டுப் பத்திரமும் ஊறிப்போயிற்று. தெருவில் பாதிப் பேரைப்போல அவளும் பதிவு ஆபீஸில் நகல் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் மூவரும் சேர்ந்து அம்மாவுக்குத் தீயும் தண்ணீரும் அண்டாத ஒரு பெட்டி வாங்கித் தருவது என்று முடிவு செய்தார்கள். போனில் முகம் பார்த்துப் பேசினார்கள்.

"உள்ள எதை வைக்கணும்மா?" என்றாள் மகள் ஜெசிந்தா.

"பத்திரமும் என் செயினும்தான். வேற என்ன இருக்கு?" என்றாள் செரபினா. கேசட்டைச் சொல்ல நா வரவில்லை. அதில் கஸ்பார் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர் ஒன்று உண்டு. போனில் ஏற்றித் தா என்று இளையவனிடம் கொடுத்தால், ஏற்றும்போது அவன் கேட்டுவிடுவானே!

ஷார்ஜாவில் இருக்கும் மூத்தவன் அமலன், "தீதாம்மா பயம். இங்க ஒரு குடோன் எரிஞ்சதைக் கண்ணால பார்த்தேன். கனத்த இரும்புப் பெட்டியா வாங்குங்க. நாலு ஆள் தூக்கணும். எவ்வளவு எரிஞ்சாலும் உள்ள காகிதம் கருகாது" என்றான்.

"ஏண்ணே, அம்மா வீட்டுக்குள்ள வந்தது தீயா, தண்ணியா?" என்றாள் சென்னையிலிருந்த ஜெசிந்தா. "உங்க பெட்டிக்குள்ள மீன் வளர்க்கலாம். நான் சொல்றது கைப்பெட்டி. மூடியைச் சுத்தி ரப்பர். முங்கிக் கிடந்தாலும் சொட்டு இறங்காது."

பக்கத்துத் தெருவில் இருக்கும் இளையவன் டெரன்ஸ், "சண்டை போடாதீங்க. தீயும் தாங்கும், தண்ணியும் தாங்கும், அப்படி ஒண்ணை நான் பார்த்து வச்சிருக்கேன். சுவரோட போல்ட் அடிச்சிட்டா கள்ளனும் அசைக்க முடியாது" என்றான்.

"கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறியே, அவருக்கு நீ மருமகனா?" என்றாள் அக்காள்காரி.

மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றுதான் கட்டுப்படியாகும். செரபினா ஜெபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டு தானே கடைக்குப் போனாள்.

டெரன்ஸ் சொன்ன பெட்டியைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல பிளாஸ்டிக் சாமான் வச்சா?" என்றாள்.

"தண்ணிக்குப் பயமில்ல. தீன்னா காகிதம் தப்பும், பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளயே இளகிரும். அதையும் தாங்குற பெட்டி பெரிய கம்பெனிக்காரங்க வாங்குறது. அப்படி என்ன சாமான்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"அந்தக் கைப்பெட்டியும் தண்ணிக்குக் கெட்டிதான். தீக்கு நிக்காது. சொல்லிட்டேன்."

செரபினா அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். நிறைகுடத்தைவிட லேசாக இருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் மூவரில் யார் காட்டிய பெட்டி செரபினாவுக்குச் சரியானது?

இரண்டையும் தாங்கும் டெரன்ஸின் பெட்டி என்றுதான் நானும் சொன்னேன். பிலோமினா அக்கா இல்லை என்று தலையாட்டினார். பத்திரம் போனால் நகல் கிடைக்கும். செயினை டெரன்ஸ் வீட்டு பீரோவில் வைக்கலாம். திரும்ப வாங்க முடியாதது அந்தக் குரல் ஒன்றுதான். தீ வந்தால் மூன்று பெட்டியிலும் அது பிழைக்காது; ஆகவே பெட்டியோடு அவளும் வெளியேற வேண்டும். சுவரில் அடித்ததையோ நாலு பேர் தூக்குவதையோ அவளால் கொண்டுபோக முடியுமா? ஜெசிந்தாவின் பெட்டிதான் சரி, ஏன் சரி என்று அந்த மகளுக்கே தெரியாவிட்டாலும். செரபினா அதையே வாங்கினாள். கேசட்டை உள்ளே போட்டு, பூட்டாமல் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். கள்ளன் வந்தாலும் திறந்து பார்த்து, பழைய கேசட்டா என்று விட்டுவிட்டுப் போகட்டுமே! "நான் சொன்னதுதான் ஜெயிச்சுது" என்று மகள் ஊரெல்லாம் சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டாள், காரணத்தை இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவு நேரம் கேட்டீர்கள். இன்றைக்குப் படுக்கப் போகுமுன் கஸ்பாரின் ஆன்மாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.