துணிக்கு அந்தப் பக்கம்

“என்னால முடியாது சார். வேற யாரையாவது பாருங்க” என்றாள் சுகிர்தா.

கை அறுவை சிகிச்சையை அவள் மாசிலாமணியிடம் கற்றவள். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

அவர் வலது கையை மேசைமேல் நீட்டினார். மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. விரல்கள் எழவில்லை.

“எங்க கோளாறு? அதையாவது சொல்லு.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“மரத்துப்போகுதா?”

“இல்ல. கழுத்து எலும்புங்கறார் ஒருத்தர். தசைநாண் அறுந்துபோச்சுங்கறார் இன்னொருத்தர்.”

அவள் அவருடைய மணிக்கட்டைக் கீழே மடக்கினாள். விரல்கள் தாமாக நிமிர்ந்தன.

“அறுந்திருந்தா இப்படி நிமிராது. கழுத்துன்னா மரத்திருக்கும்.” முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம் அழுத்தினாள். “இங்கதான். தசைக்கு அடியில நரம்பு நசுங்குது.”

“இவ்வளவு தெரியுதில்ல? அப்புறம் என்ன?”

“நரம்போட ஒரு கிளை அறுந்தாலும் விரல் இப்படியே நின்னுடும். அப்புறம் நீங்க கத்தியே பிடிக்க முடியாது.”

“தெரியும். அதுக்காக என் கையை நானே அறுத்துக்கவா?”

அறுவை அரங்கில் கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மாசிலாமணி விழித்தே இருந்தார். அவர் முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி தொங்கியது.

சுகிர்தா தசைகளைப் பிரித்தாள். வெண்மையான பட்டை ஒன்று நரம்பின் குறுக்கே இறுகிக் கிடந்தது. அதை வெட்டினாள்.

“பட்டையை எடுத்துட்டேன் சார். ஆனா நரம்பு இன்னும் கீழயும் தட்டையாத்தான் இருக்கு. இன்னும் கீழ போகட்டுமா?”

அவள் காயத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

“கீழ கிளையெல்லாம் நூல் மாதிரி இருக்கு சார். இதோட நிறுத்திடட்டுமா?”

“யாரைக் கேக்கற?”

“உங்களைத்தான்.”

“கத்தியைக் கையில வச்சுக்கிட்டு இப்படிக் கேட்டா, படுத்திருக்கறவனுக்கு எப்படி இருக்கும்?”



அவள் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மாசிலாமணியின் நெற்றி முழுக்க வேர்வை. இடது கை நர்ஸின் கையை இறுகப் பிடித்திருந்தது.

“அப்பவே பிடிச்சது மேடம். விடவே மாட்டேங்கறார்” என்றாள் நர்ஸ். “எனக்குத்தான் இப்ப விரல் மரத்துப்போச்சு.”

யாரும் சிரிக்கவில்லை.

சுகிர்தா காயத்துக்குத் திரும்பினாள். வேறெதுவும் கேட்கவில்லை. தசையை இழை இழையாக விலக்கிக் கீழே போனாள். அதன் அடி விளிம்பில் இன்னொரு பட்டை இருந்தது. அதன் ஓரத்திலேயே கிளைகள் பிரிந்தன.

கத்தியை வைத்துவிட்டுச் சிறிய கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“விரல் நிமிருமா டாக்டர்?”

“இன்னும் ஆபரேஷன் முடியல” என்றாள் சுகிர்தா. “அசையாம படுங்க.”