தண்ணீருக்கு இலை போட்ட காத்தாயி

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது, மரம் மட்டைக்கும் வாய் இருந்தது. மழை பெய்தால் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவரோரம் அப்படியே குந்திக்கொள்ளும். வீட்டுக்காரர் யாராவது வெளியே வந்து "போ" என்று சொன்னால்தான் எழுந்து போகும். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட ஏதாவது சேர்த்தால் வம்பு. தண்ணீர் சொன்ன சொல்லைத் தட்டாது. அதனிடம் இருந்த ஆபத்தே அதுதான்.

காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷன் வீரணனும் மண் குழைத்துப் புதுசாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். அதிலேயே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. சுவரை ஒட்டித் தூளி கட்டியிருந்தாள். வீரணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையா அது! ஊற்றோ ஊற்றென்று ஊற்றித் தள்ளியது. ஆறு பெருகிவிட்டது, அவன் திரும்ப வழியில்லை.

காலையில் கதவைத் திறந்தால் சுவரைச் சுற்றித் தண்ணீர். காத்தாயி "போ" என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு எழவில்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு "போ" என்று யாராவது சொல்வார்களா? அபசகுனமாச்சே! நம் சனங்களுக்குத்தான் இந்த வழக்கம் ரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறதே.

"போயிட்டு வா" என்றாள்.

தண்ணீர் நிமிர்ந்து பார்த்தது. அதுவரை அதை யாருமே வரச் சொன்னதில்லை. "சரி தாயி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. அந்தக் குரலில் இருந்த குஷி காத்தாயிக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தது. வாசல் வழியாக வந்தாலாவது கதவைச் சாத்தலாம். இது அடியிலிருந்து வந்தது. தரை சொதசொதவென்று ஆனது. சுவர் வியர்த்தது. அஸ்திவாரத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"தாயி, வந்துட்டேன்."

காத்தாயி தரையைப் பார்த்துக் கத்தினாள். "போ! போயிடு!"

"நல்லா இருக்கே! நீதானே வரச் சொன்னே? ஒரு வாயில ரெண்டு பேச்சா? என் சனத்தையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கேன். இன்னும் பின்னால வருது."

தூளிக்கு மேலே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளியே ஓடலாம் என்றால் அந்தக் காற்றுமழையைப் பச்சை உடம்பு தாங்குமா? உள்ளே இருந்தால் சுவர் விழுந்து நசுக்கிவிடும். "ஐயோ, என் வாயாலேயே என் பிள்ளைக்கு எமனைக் கூப்பிட்டுட்டேனே!" என்று அலறினாள். "யாராச்சும் வாங்களேன்!"

வீட்டுக்கு எதிரே நின்ற ஆலமரம்தான் முதலில் குரல் கொடுத்தது. "சுவரோரம் எனக்கு இடம் குடு. அவ்வளவு தண்ணியையும் நான் உறிஞ்சிடுறேன்."

"நீ தண்ணியோட நிறுத்துவியா? உன் வேர் சுவத்தையே பொளந்துடும். வேண்டாம் சாமி."

அப்போது கொல்லைச் சரிவில் நின்ற வாழை பேசியது. "தாயி, வராதேன்னு இனிமே நீ சொல்ல முடியாது. ஆனா எங்க வரணும்னு சொன்னியா?"

"சொல்லலையே."

"விருந்தாளியை எங்க உக்கார வைப்பே?"

"இலை போட்ட இடத்துல" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பிள்ளையைக் கூடையில் போட்டு, மழை படாமல் வாசல் நிலைக்கடியில் வைத்தாள். மண்வெட்டியை எடுத்தாள். சுவரைச் சுற்றி மண்ணை அணைத்து, வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிட்டாள். அங்கிருந்து வாழையடி வரைக்கும் வாய்க்கால் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பித் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். பாதி வாய்க்கால் வெட்டியிருப்பாள், உள்ளே தொப்பென்று சத்தம். ஒரு பாளம் சுவர் பெயர்ந்து தூளியின் மேல் விழுந்திருந்தது. தூளி வெறுமையாகத்தான் இருந்தது என்றாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வாய்க்கால் முடிந்ததும் ஒரு வாழையிலையை அறுத்து அதன் கடைசியில் விரித்தாள். குரலெடுத்துக் கூப்பிட்டாள்: "வா தண்ணியே! உனக்கு இங்கதான் இலை போட்டிருக்கேன்!"

சத்தமே இல்லை. பிறகு அஸ்திவாரத்துக்குள் ஒரு முனகல்.

"இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?"

வெளியே வந்தது. சனத்தோடு வந்தது. மண்சரிவில் இறங்கி, வாய்க்காலில் ஓடி, வாழையடியில் போய் உட்கார்ந்தது. வாழை மடக்மடக்கென்று குடித்தது. குடிக்கக் குடிக்க அதன் உடம்பு பருத்தது.

"தாயி, ஒண்ணு சொல்லிடுறேன்" என்றது வாழை. "இது வந்துக்கிட்டேதான் இருக்கும். நானோ ஒரு தார் போட்டா செத்துடுவேன்."

காத்தாயி கூடையைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் என் பிள்ளைக்கு யாரு காவல்?"

"என் பிள்ளை. என் காலடியிலேயே முளைச்சு நிக்கும். அதை மட்டும் பிடுங்கிப் போட்டுடாதே."

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினாள்.

சுவரோரம் மண் அணைத்து, வீட்டுத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் நாம் வாழை வைப்பது அன்று முதல்தான். தார் வெட்டி மரத்தைச் சாய்த்த பிறகும், எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும், அதன் காலடியில் ஒரு கன்றையாவது தொடாமல் விட்டுவிட்டு வருவதும் அன்று முதல்தான்.