ஒரே ஒரு கேள்வி

தில்லைநாயகம் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். மடத்தில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு; கேட்காததற்கும் உண்டு. குரு அவரைவிட வயதில் இளையவர், பேச்சும் அளவுதான்.

அன்று காலை தில்லைநாயகம் கண்கலங்கி வந்து நின்றார்.

"சுவாமி, என் தம்பி குழந்தைவேலு படுத்தே கிடக்கிறான். காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போவதில்லை, சோறு இறங்குவதில்லை. பிள்ளைகள் பக்கத்தில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்."

"நீர் என்ன செய்தீர்?"

"சும்மா இருப்பேனா? பிறவியின் அருமையைச் சொன்னேன். வினைப்பயனைச் சொன்னேன். நிலையாமையைச் சொன்னேன்."

"நிலையாமையையுமா?"

"விடவில்லை சுவாமி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நேற்று மட்டும், 'நான் இல்லேன்னாலும் பிள்ளைகளப் பாத்துக்கிடுவீங்களாண்ணே' என்று கேட்டான். அதிலிருந்து எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது."

"ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரித்தீரா?"

"அதைப் போய் எப்படிக் கேட்பது? இல்லாத நினைப்பை நானே உண்டாக்கியதாக ஆகிவிடாதா?"

"உம் பேச்சுக்கு அவர் மனத்தில் ஒன்றை உண்டாக்கும் வல்லமை இருந்தால், இதற்குள் சந்தோஷத்தை உண்டாக்கியிருப்பீரே" என்றார் குரு.

தில்லைநாயகத்துக்குப் பதில் வரவில்லை. மடத்துக்கே அது புதிது.

"இன்றிலிருந்து பௌர்ணமி வரை உமக்கு மௌன விரதம். இங்கே அல்ல, தம்பி வீட்டில். அவரைத் தனியே விடக் கூடாது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி."

"எந்தக் கேள்வி?"

"கேட்கப் பயந்தீரே, அது."

வீட்டு வாசலிலேயே தம்பி மனைவி கோமதி அவர் காதருகே வந்து, "அக்கம்பக்கத்துல காய்ச்சல்னுதான் சொல்லியிருக்கேன் அத்தான். நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்றாள். அவர் உதட்டின்மேல் விரலை வைத்து, மடத்துப் பக்கம் கை காட்டினார். மௌன விரதம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தில்லைநாயகம் தம்பியின் கட்டிலடியில் பாயை விரித்தார். தம்பி திரும்பிப் படுத்தாலும் இவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தம்பி உண்ணாத வேளையில் தட்டை எடுத்துவைத்துவிட்டு, மறுபடி சூடாகக் கொண்டுவந்தார். நாக்கு நுனிவரை உபதேசம் வந்து முட்டும். விழுங்கிக்கொள்வார். பெரும்பாடாக இருந்தது.

"என்னண்ணே, பேச்சையே காணோம்?" என்றான் குழந்தைவேலு ஒருநாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு, கேட்க ஆள் இருப்பதால் சொல்கிறவன்போல, தூக்கம் வராததைச் சொன்னான். விடிந்தாலே பயமாக இருப்பதைச் சொன்னான். "எல்லாருக்கும் பாரமா இருக்கேண்ணே" என்றான்.

தில்லைநாயகம் கட்டிலருகே நகர்ந்து உட்கார்ந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, தம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, செத்துப்போயிரலாம்னு உனக்குத் தோணுதா?"

குழந்தைவேலு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"தோணுதுண்ணே" என்றான். "யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல விம்மி அழுதான். தில்லைநாயகமும் அழுதார். அழுது முடித்ததும் குழந்தைவேலு எழுந்துபோய், ஒளித்துவைத்திருந்ததை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தான். அவர் அதைக் கோமதியிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கா?"

அவர் தலையாட்டினார்.

வாசலில் பக்கத்து வீட்டம்மாள், "காய்ச்சல் இன்னும் விடலியா?" என்றாள். கோமதி ஒரு கணம் தயங்கினாள். "காய்ச்சல் இல்லக்கா. மனசு ரொம்பச் சரியில்ல. டாக்டர்ட்ட போறோம்" என்றாள்.

பௌர்ணமி கழிந்து அண்ணனும் தம்பியும் மடத்துக்கு வந்தார்கள். தம்பி பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை, குரு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறார்?"

"மாத்திரை சாப்பிடுகிறான் சுவாமி. நாளாகும் என்றார் டாக்டர். சில நாள் இன்னும் எழுந்திருக்க முடிவதில்லை. ஆனால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி."

"நல்லது. உம் விரதமும் முடிந்தது. அவருக்குச் சொல்ல நிறையச் சேர்ந்திருக்குமே?"

"சேர்ந்துதான் இருந்தது. வரும் வழியில் தொண்டையைச் செருமினேன். அவன் முந்திக்கொண்டு, 'அண்ணே, இந்த விரதத்த இன்னும் கொஞ்ச நாளைக்கு வச்சுக்கிடுதீங்களா?' என்று கேட்டுவிட்டான்."

குரு வாய்விட்டுச் சிரித்தார்.

"நீர் என்ன பதில் சொன்னீர்?"

தில்லைநாயகமும் சிரித்தார். வாயைத் திறக்கவில்லை.