பூவலிங்கம் மாத்தின ஒரு வரி

எங்க கம்பெனி மதுரை பைபாஸ் ரோட்டுல ஒரு பேக்கரிக்கு மேல மாடியில இருக்கு. கதை, கட்டுரை, சமையல் குறிப்புன்னு யார் வேணா எழுதி ஏத்துற ஒரு வெப்சைட்ட நடத்துறோம். புகார் போன் எடுக்கிறது நான். வாசகர் கண்ணுல படாத பின்பக்க வேலையெல்லாம், அதாவது சர்வர் பழுது பாக்குறது, பூவலிங்கம் சாரோட பொறுப்பு.

போன வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். டீம் லீடர் பிரிசில்லா மேடம் டிபன் பாக்ஸத் திறந்துகிட்டே, ஒன்பது நாளா என்ன செஞ்சீங்கன்னு பூவலிங்கம் சாரக் கேட்டாங்க. அவர் குடுத்த ரிப்போர்ட்டுல ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது’ன்னு ஒரே வரிதான் இருந்துச்சு. தேவகோட்டை மங்கையர்க்கரசி டீச்சரோட தொடர்கதையில கடைசி அத்தியாயம் ஒன்பது நாளா ஏறாம நிக்குது. கதாநாயகி ரயில் ஏறினாளா இல்லையான்னு வாசகருங்க கேட்டுக் கேட்டு என் காது புண்ணாப் போச்சு. ஒழுங்கா பதில் வரலேன்னா திங்கக்கிழமையிலருந்து அவரும் போன் எடுக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க.

பூவலிங்கம் சார் அசரல. தயிர்சாதத்தப் பிசைஞ்சுகிட்டே ஆரம்பிச்சாரு.

முன்னாடி ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள ரெண்டு வெங்காயம் உரிச்சிரலாமாம். இவர் உள்ள போயி ஒரே ஒரு வரிய மாத்தினாராம். மறுநாளு காரைக்குடியில ஒருத்தர் விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே பக்கம் திறந்துகிச்சாம். அதுக்கு மறுநாளு, படிக்கலாமான்னு யோசிச்சவருக்கே திறந்துருச்சாம். வாடிப்பட்டியில ஒருத்தர் போனே இன்னும் வாங்கல, அவரு சட்டைப்பையில பாதிக் கட்டுரை கெடந்துச்சாம்.

மீதிப் பாதி எங்கன்னு மேடம் கேட்டாங்க.

"சிக்னல் வீக்கு மேடம், அந்தப் பக்கம்."

அந்த வேகம் ஆபத்துன்னு அவருக்கே தோணுச்சாம். ஏன்னா மங்கையர்க்கரசி டீச்சர் எழுத உக்காரும்போது கடைசி அத்தியாயம் ஏற்கெனவே ஸ்கிரீன்ல வந்து நிக்குதாம். அவங்க அதப் பாத்து நோட்டுல எழுதிக்கிட்டு, முடிவு சரியில்லேன்னு தனக்குத்தானே கமெண்டு போட்டாங்களாம். அதனாலதான் அந்த அத்தியாயத்தப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்காராம்.

டீச்சர் தெனம் என்கிட்ட பேசுறாங்களே, இதச் சொல்லலியேன்னேன். பெரிய எழுத்தாளருங்க இதையெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்கன்னாரு.

அடுத்தது கேஷ். திரும்பத் திரும்பத் தேடாம இருக்கணும்னு பழைய பக்கங்கள சர்வரே ஞாபகம் வச்சிருக்குமே, அது. அத ஒரு தடவ அழிச்சாராம். கொஞ்சம் அழுத்தி அழிச்சிட்டாராம். சர்வரோட ஞாபகம் போனதோட நிக்கல, பில்டிங் முழுக்கப் போயிருச்சாம். வாசல்ல செக்யூரிட்டி சவுந்தரம் அண்ணன் கண்ணாடியில தன்னையே பாத்து, யாரப் பாக்கணும், நோட்டுல கையெழுத்துப் போடுங்கன்னு நிறுத்தி வச்சிருக்காரு. கையெழுத்தும் போட்டிருக்காரு. பேக்கரிக்காரரு பன்னுக்குள்ள என்ன வைக்கிறதுன்னு மறந்துபோயி, அன்னைக்குப் பூரா பன்னுக்குள்ள பன்னையே வச்சு வித்தாராம்.

மேடம் சாப்பிடுறத நிறுத்தல. ஆனா ஊறுகாய அவர் பக்கம் தள்ளிவிட்டாங்க. அவருக்கு அது போதும்.

கமெண்டு கதைக்கு வந்தாரு. 'அருமை'ன்னு ஒருத்தர் போட்ட கமெண்டு வெளிய வர வழியில்லாம உள்ளயே நாப்பதாயிரமாப் பெருகிக் கெடந்துச்சாம். இவர் அடைப்ப எடுத்ததும் மொத்தமும் பாஞ்சு வந்து, ஸ்கிரீன் நெறஞ்சு, படியில எறங்கி ரோட்டுக்குப் போயிருச்சாம். டவுன் பஸ்ஸு மேல நாலு அருமை. ஒடஞ்ச சாக்கடை மூடி மேல பன்னெண்டு. டிராபிக் போலீஸ்காரர் பைன் போட்ட சீட்டுல ஒண்ணு. நம்ம கேன்டீன் உப்புமாவுக்கே பதினெட்டு விழுந்துச்சாம்.

"மத்தத நம்புறேன்," மேடம் சொன்னாங்க. "உப்புமாவத்தான் நம்ப முடியல."

அப்புறம் கையக் கழுவிட்டு வந்து லேப்டாப்பத் திறந்தாங்க. அவர் மாத்தின அந்த ஒரு வரியத் தேடிப் பாத்தாங்க. ரெண்டு தடவ படிச்சாங்க. வரி சரியாத்தான் இருக்குன்னாங்க. பூவலிங்கம் சார் நெஞ்ச நிமித்தினாரு.

"ஆனா இது நாம சோதிச்சுப் பாக்குற சர்வர்லதான் இருக்கு. நெஜ சைட்டுல நீங்க இன்னும் ஏத்தவே இல்ல, பூவலிங்கம்."

எனக்கே சங்கடமாப் போச்சு. அவர் எட்டிப் பாத்தாரு. வாயில போட்ட சோத்த மென்னாரு, முழுங்கினாரு. தண்ணி குடிச்சாரு. முகம் ஒரு நிமிஷம் சுருங்கின மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் குரலத் தாழ்த்திச் சொன்னாரு.

"பாத்தீங்களா மேடம். ஏத்தாமலே இவ்வளவு நடந்திருக்கு. ஏத்தினா ஊரு தாங்குமான்னுதான் ஒன்பது நாளா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மேடம் சிரிக்கல. லேப்டாப்ப அவர் பக்கம் திருப்பி வச்சாங்க.

"ஏத்துங்க. ஊர நான் பாத்துக்கிறேன்."